ஏழாம் பக்கத்துப் படம்

"எழுநூத்தம்பதா போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா மற்றதெல்லாம் கேட்பார். தொலைபேசியில் வருகிறவர் தன் பெயரையும் கம்பெனியையும் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வருவதற்குள் இந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கும்.

"எது மேடம்?"

"ஃபீட்பேக் ரெசிஸ்டர். நம்ம ஆம்ப்ளிஃபையரோட ரெண்டாவது காலுக்கும் ஆறாவது காலுக்கும் நடுவுல. எழுநூத்தம்பது ஓமா, இல்ல கைல கெடச்சதா?"

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவன் குரலில், "கைல கெடச்சதுதான் மேடம்" என்று ஒப்புக்கொள்வார்கள். "அத மாத்திட்டுக் கூப்பிடுங்க. வணக்கம்." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார். அவருடைய வணக்கம் எப்போதும் கடைசியில்தான் வரும்.

மிக வேகமாக ஓடும் மின் சமிக்ஞைகளைக் கையாளும் சிப்புகளைச் செய்து விற்பது எங்கள் கம்பெனியின் வேலை. வாங்கியவர்கள் அதைத் தங்கள் போர்டில் பொருத்தி, அது ஓடாமல் அடம்பிடித்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புகளை எடுப்பவர், அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் இந்த எஞ்சினியர்தான். பத்தொன்பது வருடங்களாக எடுக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண், "எழுநூத்தம்பதுக்கு ஒரு போன்" என்றுதான் இணைப்பைக் கொடுப்பாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் முகத்துக்கு நேரே வந்து பல காலம் ஆகிவிட்டது. அக்கா கோபித்துக்கொண்டதில்லை. "நல்ல நம்பர்தானே, ஞாபகம் இருந்தா சரி" என்பார்.

நான் அதே அலுவலகத்தில் கையேடு எழுதுகிறவன். அக்கா சர்க்யூட்டை வடிவமைத்துப் படம் வரைந்து, பக்கத்தில் பென்சிலில் கிறுக்கித் தருவார். நான் அதைப் படிக்கிற மாதிரி எழுதி அச்சுக்கு அனுப்புவேன். என்னை அவர் கூப்பிடுவது "எழுத்தாளரே" என்று. அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை.

அந்த எழுநூற்றைம்பது விஷயத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ரெசிஸ்டரைப் போட்டாலும் ஒரு மாதிரி சமாளித்து ஓடிவிடும். எங்களுடையது கரன்ட் ஃபீட்பேக் வகை, அது அப்படி இல்லை. தனக்கு இன்ன மதிப்பு வேண்டும் என்று அது சொல்லிவிடும். குறைத்தால் துள்ளும், கூட்டினால் சோம்பும். பழைய பழக்கத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைக் குறுக்கே போட்டுவிட்டால் நிறுத்த முடியாமல் அலற ஆரம்பித்துவிடும். "இவன் கோவக்காரன் கெடயாது, கண்டிப்பானவன்" என்பார் அக்கா. "கேட்டதக் குடுத்தா கேட்ட வேகத்துக்கு ஓடுவான். நமக்குக் குடுக்க மனசில்லன்னா அவன் மேல பழி போடக் கூடாது."

ஐம்பதைத் தாண்டியவர், உயரம் குறைவு. பரிசோதனை மேசையின் முன்னால் ஏறி நிற்க ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறார். கைப்பையில் சாவிக்கொத்தோடு ஒரு சாமணமும் அறுவைக்கத்தியின் பிளேடும் இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் இரண்டாவது காலுக்குக் கீழே போர்டில் செம்புத்தகடு இருந்தால் ஆகாது என்பதால் அதைச் சுரண்டி எடுக்கத்தான் பிளேடு. மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முனை போர்டில் நிற்காமல் வழுக்கினால், கொண்டையிலிருந்து ஒரு கிளிப்பை உருவி அதைக் கவ்விப் பிடிக்க வைத்துவிடுவார். காலையில் வாரி முடித்து வருகிறவர் மாலையில் பாதி அவிழ்ந்த கூந்தலோடு வீட்டுக்குப் போவார். மேசையில் நாலைந்து கிளிப்புகள் கிடக்கும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது முதல் சட்டம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூடாது, 'இன்னும் பாக்கல' என்று சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. "தெரியாதுன்னா கத முடிஞ்சு போச்சு. பாக்கலன்னா நாளைக்கு வேல இருக்கு." இந்தச் சட்டங்கள் வீட்டிலும் செல்லும். ஒருமுறை அவருடைய நாத்தனார் அலுவலக எண்ணுக்கே அழுதுகொண்டு கூப்பிட்டார். புருஷன் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அக்கா பென்சிலை எடுத்துவிட்டார். "எப்பலேர்ந்து பேசல? ...சரி, அதுக்கு முந்தின நாள் என்ன மாறிச்சு? ...சாப்பாடு எப்படி எறங்குது?" மூன்றாவது கேள்வியில் பல்வலி என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தும் அவர் கணவர் என்னிடம் சொன்னார்: "எங்க வீட்ல சண்ட போடறதுன்னாகூட ஒரு நேரத்துல ஒரு காரணத்துக்குத்தான் போடணும். ரெண்டு சேந்தா எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதாம்."

விதைக்காரர் என்று நாங்கள் பின்னால் பெயர் வைத்தவர் கூப்பிட்டது ஒரு கோடையில், முற்பகல் நேரம். நான் ஏதோ திருத்தம் கேட்க அக்காவின் மேசைக்குப் போயிருந்தேன்.

"எழுநூத்தம்பதா போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். ஒரு பர்சென்ட் ரெசிஸ்டர்."

ஒலிபெருக்கியில் கேட்ட குரல் நிதானமாக இருந்தது. அக்கா பென்சிலைக் கையில் எடுத்தார். "குறுக்க கெப்பாசிட்டர் ஏதாவது?"

"போடக் கூடாதுன்னுதான் மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே."

"காலுக்குக் கீழ செம்பு?"

"சொரண்டியாச்சு."

அக்கா புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் எழுதியதை ஒரு மனிதர் வரி விடாமல் படித்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் விதை பிரிக்கும் இயந்திரம் செய்கிறவர். ஒரு கொட்டகையும் நாலு வேலையாட்களும்தான் அவருடைய தொழிற்சாலை. வெள்ளை பீன்ஸ் விதை எட்டுத் தடங்களில் அருவி மாதிரி விழும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கண். கெட்டுப்போன விதையைக் கண் பார்த்துவிட்டால் காற்றை 'புஸ்' என்று அடித்து அதை மட்டும் ஒதுக்கித் தள்ள வேண்டும். கண்கள் எட்டு, அவற்றை அளந்து பார்க்கிற பாகம் ஒன்றே ஒன்று. அதனால் எட்டுக் கண்களையும் ஒவ்வொன்றாக, கண்ணிமைக்கிற நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி அதனிடம் காட்ட வேண்டும். அப்படி மாற்றிவிடுகிற சிப்தான் மல்டிபிளெக்சர். ஒரு சிப்பில் நாலு வாசல். எட்டுக் கண்ணுக்கு இரண்டு சிப். இரண்டும் எங்களுடையவை, பின்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபையரும் எங்களுடையது.

"காலைல தங்கமா ஓடுது மேடம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நல்ல வெதையையும் தூக்கி எறிய ஆரம்பிச்சிடுது. வெளக்க மாத்தினேன், கண்ண மாத்தினேன், காத்து வால்வ மாத்தினேன், பவர் சப்ளைய மாத்தினேன். ஒவ்வொண்ணாத்தான் மாத்தினேன். மாத்தினத எல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

அக்காவின் முகத்தில் ஒரு பிரியம் வந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மாற்றுகிற இன்னொரு ஜீவன்.

"ரெண்டு மெஷின் திரும்பி வந்துடுச்சு. மூணாவது ஆளு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன்னு சொல்லிட்டாரு. என்கிட்ட வேல பாத்தவங்கள்ல ரெண்டு பேர வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். அவங்க என்ன தப்பு பண்ணாங்க, சொல்லுங்க. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன். எங்கன்னுதான் தெரியல."

"எந்தத் தடத்துல எறியுது? எட்டுலயுமா?"

"இல்ல மேடம். அட்ட வெச்சுத் தடுத்துப் பாத்தேன். அஞ்சாவதுலயும் ஒண்ணாவதுலயும் மட்டுந்தான்."

பென்சில் நின்றது. ஒன்று முதல் நாலு வரை முதல் சிப், ஐந்து முதல் எட்டு வரை இரண்டாவது சிப். ஒரு சிப் வேலையை முடித்து அடுத்த சிப்பிடம் ஒப்படைக்கிற இடங்கள்தான் ஐந்தும் ஒன்றும். இது எனக்குப் பிறகு விளங்கியது. அக்காவுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது.

"ரெண்டு சிப்பையும் எப்படிச் சேத்தீங்க?"

"உங்க புக்குல ஏழாம் பக்கத்துல படம் இருக்கே, அதேதான். ஒரு கோடு மாத்தல மேடம்."

"சாயந்தரத்துக்குள்ள... இல்ல, நாளைக்கு நான் கூப்பிடறேன்" என்றார் அக்கா. போனை வைத்த பிறகுதான் வணக்கம் சொல்லாதது அவருக்கு நினைவு வந்தது போலும். கருவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஏழாம் பக்கத்துப் படத்தை வரைந்தவர் அவர்தான், நாலு வருடங்களுக்கு முன்னால்.

அன்றே அந்தச் சர்க்யூட்டைக் கட்ட ஆரம்பித்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். இருந்தாலும் அச்சிட்ட கையேட்டை வாங்கி மேசையில் விரித்துவைத்து, கோடு கோடாகப் பார்த்துக் கட்டினார். ஏன் என்று கேட்டேன். "நான் நெனச்சதக் கட்டக் கூடாது எழுத்தாளரே. அவர் படிச்சதக் கட்டணும்."

மறுநாள் காலை போர்டு ஓடியது. ஸ்கோப் திரையில் அலை எட்டுப் படிகளாக, இஸ்திரி போட்ட மாதிரி நின்றது. அப்போது கைப்பையிலிருந்து மகளின் தலை உலர்த்தும் டிரையரை எடுத்தார். வெப்பமானியின் கம்பியைச் சிப்பின் மேல் ஒட்டினார். பலகை மேல் ஏறி நின்று, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவத்தில், போர்டின் மேல் சூடான காற்றைக் காட்ட ஆரம்பித்தார். நாற்பது டிகிரியில் ஒன்றுமில்லை. ஐம்பதிலும் ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்டபோது ஐந்தாவது படியின் தொடக்கத்தில் ஒரு முள் முளைத்தது. முதல் படியில் இன்னொன்று. டிரையரை நிறுத்தினார். சூடு இறங்க இறங்க முள் சுருங்கி மறைந்தது. மறுபடி காட்டினார், மறுபடி முளைத்தது. மூன்று முறை பார்த்தார்.

"என் தப்பு" என்றார். மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார்.

நடந்தது இதுதான். முதல் சிப் தன் வாசலைச் சாத்திய பிறகு இரண்டாவது சிப் திறக்க வேண்டும். அறையின் குளிர்ச்சியில் சாத்துவது வேகம், திறப்பது மெதுவு, ஆகவே சிக்கல் இல்லை. சூட்டில் சாத்துவது தாமதமாகிவிடுகிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு நேரம் இரண்டு வாசல்களும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. அந்த மோதலில் ஆம்ப்ளிஃபையர் திடுக்கிட்டு, அது அடங்குவதற்குள் அடுத்த அளவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நாலாவது தடத்துக் கெட்ட விதையின் நிழல் ஐந்தாவது தடத்து நல்ல விதையின் மேல் விழுகிறது.

மருந்து சின்னதுதான். ஒரு ரெசிஸ்டர், ஒரு டயோடு, ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், சிப்புக்கு ஒரு செட். திறக்கச் சொல்லும் கட்டளை மட்டும் கொஞ்சம் தாமதித்துப் போகும், சாத்தச் சொல்வது உடனே போய்ச் சேரும். மத்தியானத்துக்குள் அதையும் போட்டுப் பார்த்து, எழுபது டிகிரி வரை சுட்டுப் பார்த்துவிட்டு, விதைக்காரரைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க செஞ்சது எல்லாமே சரி. நான் வரைஞ்சதுதான் தப்பு."

"மேடம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் கீழே வைப்பது கேட்டது. தூரத்தில், கொட்டகைக்குள் எதிரொலிக்கிற மாதிரி அவர் கத்தினார்: "ஏ, நம்ம தப்பு இல்லப்பா! நம்ம தப்பு இல்ல!" திரும்பி வந்து மூச்சு வாங்க, "சொல்லுங்க மேடம், என்ன போடணும்? எழுதிக்கறேன்" என்றார். எழுதியதைத் திருப்பிப் படித்தும் காட்டினார்.

அன்று நான் பழைய கோப்பு அலமாரியைக் குடைந்தேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஏழாம் பக்கத்துப் படத்தின் கீழே அக்காவின் பென்சில் வரி: 'அறைச் சூட்டில் மட்டும் அளந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு என்னுடையது. அந்த வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது, படமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அடித்தேன். எல்லாம் அப்படியே நினைவுக்கு வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

நிறைய நேரம் பார்த்தார். "பரவால்லயே, எழுதித்தான் வெச்சிருக்கேன்" என்றார். பிறகு தாளைத் திருப்பி, "அடிச்ச பின்னாடி வந்த ப்ரூஃப்ல கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார்.

"உங்களோடது. ஆனா அக்கா, அடிச்சது..."

"நீங்க எடத்துக்காக அடிச்சீங்க. உங்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அது என்னன்னு தெரியும்ல? தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டேன்." தாளை என் பக்கம் தள்ளினார். "அதுவும் இல்லாம, பாக்கலன்னு எழுதறதுக்கு நான் பாத்தே இருக்கலாம். ஹேர் டிரையர் அன்னைக்கும் வீட்ல இருந்துச்சு."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்றுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை. இதை எழுதுவது நான்தான்.

எங்கள் மேலாளர் கெட்டவர் அல்லர். பயந்தவர். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் பிடித்துக் கொண்டுவர அவர் எத்தனை வாசல்களில் காத்து நின்றார் என்பது எங்களுக்குத் தெரியும். விஷயத்தைக் கேட்டவுடன் என்னைப் பார்த்து, "அடுத்த பதிப்புல படத்த மாத்திடுங்க. தேதிய அப்படியே விட்டுடலாம், மாத்தினது யாருக்கும் தெரியாது" என்றார். நான் தலையாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இப்பப் போட்டு வெச்சிருக்கறவங்க?" என்றார் அக்கா.

"எல்லாரும் அறுபது டிகிரில ஓட்டப் போறாங்களா? பிரச்சினன்னா அவங்களே கூப்பிடுவாங்க. நாமளே வலியப் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கணுமா?"

"கூப்பிட மாட்டாங்க சார். இவர் எத்தன மாசம் கழிச்சுக் கூப்பிட்டாரு தெரியுமா? வெளக்க மாத்தினாரு, கண்ண மாத்தினாரு, ஆள மாத்தினாரு. நம்ம படத்தத் தவிர எல்லாத்தையும் மாத்தினாரு. ஏன்னா அதத்தான் நம்பியிருந்தாரு."

மேலாளர் நெற்றியைத் தடவினார். "கம்பெனி தப்பு பண்ணிடுச்சுன்னு கம்பெனியே அச்சடிக்கச் சொல்றீங்களா?"

"கம்பெனி வரையலயே. நான் வரைஞ்சேன். அப்படியே போடுங்க."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்" என்றார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

திருத்தப் பக்கத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பழக்கமான நடையில் எழுதினேன்: 'ஏழாம் பக்கப் படத்தில், சில சூழ்நிலைகளில் பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' அக்கா பென்சிலோடு உட்கார்ந்தார். 'சில சூழ்நிலைகளில்' என்பதை அடித்து 'அறுபது டிகிரிக்கு மேல்' என்று போட்டார். 'பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய' போய், 'அடுத்த தடத்தின் அளவு தவறாக வரும்' என்று ஆனது. கடைசியில் 'நேர்ந்துவிட்டது' என்ற சொல்லில் பென்சிலை ஊன்றினார்.

"இது என்ன, மழை பெஞ்ச மாதிரி? தானா நேந்துச்சா?"

'நாலு வருடங்களுக்கு முன் இந்தப் படத்தைத் தவறாக வரைந்துவிட்டேன்' என்று எழுதி, அடியில் தன் பெயரையும் மேசை எண்ணையும் போட்டார். நான் அருகில் 'வரைந்துவிட்டோம்' என்று திருத்திப் பார்த்தேன். அழித்துவிட்டு என்னிடம் ரப்பரைக் கொடுத்தார்.

காகிதம் அனுப்பினால் யாராவது எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் கூப்பிடவும் செய்தார். ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் வரைந்து வைக்கிற பழக்கம் அப்போது கைகொடுத்தது. நாலு வருட நோட்டுகளைப் புரட்டி, இரண்டு சிப்புகளைச் சேர்த்துப் போட்டவர்கள் ஒவ்வொருவரையும் தேடி எடுத்தார். ஒன்பது நாட்கள், தினமும் முற்பகல் இரண்டு மணி நேரம். அந்த நாட்களில் முதல் முறையாக அவர் வணக்கத்தை முன்னால் சொல்லிக் கேட்டோம்.

சிலர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். சிலருக்கு அந்த இயந்திரமே இப்போது இல்லை. ஒருவர் கால் மணி நேரம் திட்டினார். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "ஆமா... ஆமா சார்... நியாயந்தான்" என்று கேட்டுக்கொண்டே அவருடைய சர்க்யூட்டைப் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தார். திட்டி ஓய்ந்ததும், "உங்க போர்டுல மூணு சிப்பு இருக்குல்ல? அப்ப மூணு எடத்துல போடணும்" என்று தொடங்கினார். மறுமுனை மெல்ல, "சொல்லுங்க" என்றது.

எல்லாவற்றையும்விட அவரை உலுக்கியது சிரித்துக்கொண்டே பேசிய ஒருவர்தான். ஏதோ அளவைக் கருவி செய்கிறவர். "அதுவா மேடம், மூணு வருஷத்துக்கு முன்னாடியே பாத்தேன். நானே ஒரு டயோடு போட்டுச் சமாளிச்சுட்டேன்."

"எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?"

"நான்தான் ஏதோ புரியாமப் பண்றேன்னு நெனச்சேன். புக்குல தப்பு இருக்கும்னு எப்படி மேடம் தோணும்?"

அந்த அழைப்புக்குப் பிறகு அக்கா அடுத்த எண்ணை அழுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விதைக்காரரின் ஆட்கள் இரண்டு பேருக்கு வேலை போயிருக்காது. அதைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கால் மணி கழித்து மறுபடி போனை எடுத்தார்.

விளைவுகள் வந்தன. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் எங்களை விட்டுப் போனார். அந்த வருடம் துறைத் தலைவர் பதவிக்கு அக்காவின் பெயர்தான் பேச்சில் இருந்தது, பிறகு பேச்சில் இல்லை. இனி அக்கா வரையும் எந்தப் படமும் இன்னொரு எஞ்சினியர் கட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். மற்றவர்கள் படங்களுக்கு அந்த விதி இல்லை. எங்களுக்குக் கோபமாக இருந்தது. அக்கா உத்தரவைப் படித்துவிட்டு, "நல்ல ஏற்பாடுதான். எல்லாருக்கும் போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். ஆறு மாதத்தில் எல்லாருக்கும் வந்தது.

விதைக்காரர் அவ்வப்போது கூப்பிட்டு "நல்லா ஓடுது மேடம்" என்பார். "பொட்டிக்குள்ள எத்தன டிகிரி?" என்பார் அக்கா. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று பதில் வரும். "அறுபது தாண்டட்டும், அப்பச் சொல்லுங்க." அடுத்த கோடையில், வெயில் உச்சத்துக்கு ஏறிய வாரத்தில் அக்கா ஒரு நாள் விடுப்புப் போட்டார். "நீங்களும் வாங்க எழுத்தாளரே, நீங்க எழுதினதப் படிச்ச மனுஷனப் பாக்க வேணாமா?" என்றார். இரண்டு பேருந்து மாறிப் போனோம்.

ஊரின் கடைசியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. விதைக்காரர் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். அக்காவைப் பார்த்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். அனுப்பிய ஆட்களில் ஒருவர் திரும்பி வந்திருந்தார். மற்றவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். "நல்ல கை மேடம் அவனுக்கு" என்றார் விதைக்காரர். அக்கா நேரே இயந்திரத்தின் பக்கம் போனார்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வெள்ளை அருவிகள். இடையிடையே 'புஸ்', 'புஸ்' என்று காற்று. மணி இரண்டு ஆனது, இரண்டரை ஆனது. கூரையிலிருந்து அனல் இறங்கியது. அக்கா போர்டு இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்து வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தார். அறுபத்து மூன்று. தடங்களில் எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாவது, நாலாவதைப் போலவே அமைதியாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றரைக்கு விதைக்காரர் விசையை அணைத்தார். கொட்டகை சட்டென்று நிசப்தமானது. திரும்பி வந்த வேலையாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான்தான் எல்லாம் செய்த மாதிரி. விதைக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து, "இவரு நாலு மாசம் தூங்கவே இல்லீங்க" என்று சிரித்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம்.

அக்கா மட்டும் பேச்சில் சேரவில்லை. இயந்திரத்தின் அடியிலிருந்து, ஒதுக்கித் தள்ளிய விதைகள் விழும் தட்டை இழுத்து, வெளிச்சம் விழுகிற வாசல் பக்கம் கொண்டுபோய்த் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்தார். படிக்கிற கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒரு விதையை எடுத்தார். கறுப்புப் புள்ளி இருந்தது. ஓரமாக வைத்தார். இன்னொன்று பாதி உடைந்தது, வைத்தார். மூன்றாவதை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பழுதே தெரியவில்லை.

"இது நல்லதா சார்?"

விதைக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "பின்னாடி திருப்புங்க மேடம். ஊசி மொன மாதிரி ஓட்ட இருக்கும்."

இருந்தது. அக்கா அதையும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். தட்டில் இரண்டு படி விதையாவது இருக்கும். "மேடம், டீ ஆறுது" என்றார் விதைக்காரர். "ம்" என்றாரே தவிர நிமிரவில்லை. விதைக்காரர் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, குவியலில் பாதியைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.